நகராட்சி முதலில் வாங்க வேண்டிய மின்சார வண்டி கார் அல்ல, குப்பை லாரி!

வணக்கம் நண்பர்களே!

ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். இவ்வளவுதான் மைலேஜ். இப்படி ஒரு வண்டியை நீங்கள் சொந்தமாக வாங்குவீர்களா? மாட்டீர்கள். ஆனால் உலகம் முழுக்க நகர நிர்வாகங்கள் இதை வாங்கி, தினமும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. வீடு வீடாக நின்று குப்பையை வாங்கி, உள்ளேயே அழுத்தி நசுக்கிக்கொண்டு போகிற பெரிய குப்பை லாரிதான் அது.

ஒரு நகரம் மின்சார வாகனத்துக்கு மாறுகிறது என்று செய்தி வந்தால், படத்தில் பெரும்பாலும் பளபளக்கும் ஒரு கார் நிற்கும். பக்கத்தில் மேயரோ பெரிய அதிகாரியோ சாவியோடு நிற்பார். அந்தக் கார் வரிசையில் கடைசியாக வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கருத்து. முதலில் மாற வேண்டியது குப்பை லாரி. ஏன் என்று சொல்கிறேன், இந்த மாற்றம் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்கிறேன். வீடியோவைக் கடைசி வரை பாருங்கள், சார்ஜர் கணக்கு பின்னால்தான் வருகிறது.

[திரையில்: ஒரு நகரத்தின் வாகனப் பணிமனை, மேலிருந்து எடுத்த காட்சி]

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதிகாரிகளின் கார், தண்ணீர் லாரி, கழிவுநீர் உறிஞ்சும் லாரி, தெருவிளக்கு மாற்றும் ஏணி வண்டி, தெரு கூட்டும் வண்டி, தீயணைப்பு வண்டி, சில ஊர்களில் பஸ், இவை எல்லாமே ஒரு நகர நிர்வாகத்தின் வண்டிகள். பெரும்பாலானவை காலையில் கிளம்பி, தெரிந்த பாதையில் ஓடி, மாலையில் அதே பணிமனைக்குத் திரும்பிவிடும். வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்ற கவலை தனியாக வண்டி வைத்திருப்பவருக்கு உண்டு, இவற்றுக்குக் கிடையாது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே பேட்டரியில் ஓடும் குப்பை வண்டிகளை வாங்க ஆரம்பித்துவிட்டது. அன்றைய ஈய-அமில பேட்டரி கனமானது, தூரமும் அதிகம் போகாது. ஆனாலும் குப்பை வண்டிக்கு அது போதுமாக இருந்தது! சரி, ஏன் போதுமாக இருந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[திரையில்: ஒரு லாரி நின்று, கிளம்பி, மறுபடி நிற்கிறது]

குப்பை லாரியின் வேலை நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். கிளம்பும், இருபது முப்பது மீட்டர் போகும், நிற்கும். மறுபடி கிளம்பும், நிற்கும். கனமான ஒரு லாரியை நிலையிலிருந்து நகர்த்த எரிபொருளைக் கொட்ட வேண்டும். அடுத்த நொடியே பிரேக் மிதித்து, அப்படிச் சேர்த்த ஆற்றலையெல்லாம் பிரேக் லைனிங்கில் சூடாக்கி வீணாக்க வேண்டும். இதையேதான் நாள் முழுக்கச் செய்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பாரத்தோடு 20 டன் எடையுள்ள லாரி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 309 கிலோஜூல். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் 0.086 யூனிட். இது என்ன பெரிய தொகை என்று தோன்றும். ஒரு நாளைக்கு 800 முறை நின்று கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 800-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 69 யூனிட்! டீசல் லாரியில் இதில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும்.

மின்சார லாரியில் கதை வேறு. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரம் மோட்டாரைச் சுற்றும், வண்டி மெதுவாகும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். இதைத்தான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்கிறார்கள். முழுவதும் திரும்பி வராது, வழியில் இழப்பு உண்டு. பாதி திரும்பினாலே 34 யூனிட். ஒரு சின்ன மின்சாரக் கார் 200 கிலோமீட்டர் ஓட இது போதும். அதாவது, ஒரு லாரி ஒரே நாளில் பிரேக்கில் வீணாக்குவதில் பாதியை மீட்டால், ஒரு கார் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பிவிடும். இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது நம்ப முடியாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்!

இன்னொன்றும் இருக்கிறது. குப்பையை நசுக்கும் தகட்டை ஹைட்ராலிக் பம்ப்தான் இயக்குகிறது. டீசல் லாரியில் அந்தப் பம்பைச் சுற்ற எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். அதனால் வண்டி நிற்கும்போதும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். மின்சார லாரியில் பம்புக்கென்று ஒரு மோட்டார் இருக்கும். நசுக்கும்போது மட்டும் ஓடும், மற்ற நேரம் சும்மா இருக்கும்.

அந்த உறுமலுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றி நான் சொல்லாமல் போக முடியாது. லாரியின் பின்படியில் தொற்றிக்கொண்டு போகிற தூய்மைப் பணியாளர்கள், பணி நேரம் முழுக்கப் புகை சூழ்ந்த இடத்தில்தான் வேலை செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் எஞ்சின் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு. மின்சாரக் காரில் ஏறும் அதிகாரிக்கு அமைதியான பயணம் கிடைக்கும், நல்லதுதான். மின்சார லாரியின் பின்னால் நடக்கும் தொழிலாளிக்குக் கிடைப்பது சுவாசிக்கத் தகுந்த காற்று. எது முதலில் வர வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

"மின்சாரத்தையே நிலக்கரியில்தானே எடுக்கிறார்கள்?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்விதான். மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் அந்தப் புகை தொழிலாளியின் முகத்துக்கு நேராக வராது. ஓடி நின்று ஓடுகிற வேலையில் மோட்டாரின் செயல்திறனை டீசல் எஞ்சினால் எட்டவும் முடியாது. நகரத்தின் மின்சாரம் எவ்வளவு தூய்மையாகிறதோ, முன்பே வாங்கிய மின்சார லாரியும் அவ்வளவு தூய்மையாகும்.

[திரையில்: பனி மூடிய தெரு]

இப்போது சறுக்கிய கதை. நியூயார்க் நகரத்தில் குப்பை லாரிகளுக்குக் குளிர்காலத்தில் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. முன்னால் ஒரு பெரிய தகட்டை மாட்டி, தெருப் பனியைத் தள்ளுவார்கள். அந்த நகரம் மின்சார லாரியைச் சோதித்துப் பார்த்தது. குப்பை எடுக்கும் வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் பனி தள்ளும்போது நான்கு மணி நேரத்திலேயே படுத்துவிட்டது என்று அப்போதைய துப்புரவுத் துறை ஆணையர் ஜெசிகா டிஷ் 2022 நவம்பரில் நகர மன்றத்தில் சொன்னார். அவர்களுக்குத் தேவை 12 மணி நேரம்.

காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. பனி தள்ளும்போது வண்டி நிற்பதில்லை, முழு பலத்தோடு முட்டிக்கொண்டே போகிறது. நிற்காத வண்டியில் மீட்க என்ன இருக்கும்? குளிரில் பேட்டரியின் திறனும் குறையும். ஒரே லாரி, ஒரே பேட்டரி. ஆனால் ஒரு வேலைக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது, இன்னொரு வேலைக்குப் பொருந்தவில்லை. அதனால் வண்டி வாங்கும் முன்பு அதன் முதல் வேலையை மட்டும் பார்த்தால் போதாது. அவசர காலத்தில் அதை வேறு எதற்கு இழுப்பார்கள் என்று கேட்க வேண்டும். வெள்ளம் வந்தால்? புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை சில டீசல் வண்டிகளை ஓரமாக வைத்திருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, கார்களுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 2016-இல் 100 பிஎம்டபிள்யூ ஐ3 மின்சாரக் கார்களைக் குத்தகைக்கு எடுத்தது. பல கார்கள் மிகக் குறைந்த தூரமே ஓடியிருப்பதை அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சிச் செய்தி வெளிக்கொண்டு வந்தது. மின்சார வண்டியின் லாபம் ஓட்டத்தில்தான் இருக்கிறது. வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த பணத்தை, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வேண்டும். நிறுத்தியே வைத்திருந்தால் எப்படித் திரும்பி வரும்?

தீயணைப்பு வண்டி பற்றி ஒரே வரி: மின்சாரத்தில் வந்துவிட்டது, ஆனால் மணிக்கணக்கில் தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கும் என்பதால் அவசரத்துக்கு டீசல் எஞ்சின் ஒன்றையும் வைத்தே பல வண்டிகளைச் செய்கிறார்கள்.

[திரையில்: மாலை ஆறு மணி, கார்கள் வரிசையாகப் பணிமனைக்குத் திரும்புகின்றன]

இப்போது வாக்குக் கொடுத்த சார்ஜர் கணக்கு. உண்மையில் வண்டி வாங்குவது சுலபம். டெண்டர் விட்டால் வந்துவிடும். பணிமனைக்கு மின்சாரம் கொண்டுவருவதுதான் கடினம்.

ஒரு பணிமனையில் 50 மின்சாரக் கார்கள். ஒவ்வொன்றுக்கும் 7 கிலோவாட் சார்ஜர். எல்லோரும் மாலை ஆறு மணிக்கு வந்து, ஒரே நேரத்தில் செருகுகிறார்கள். 50 பெருக்கல் 7, மொத்தம் 350 கிலோவாட். பார்த்ததும் பொறியாளர் பயந்து பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்பார். அதற்கு நிதி ஒதுக்கி, அனுமதி வாங்கி, கேபிள் தோண்டிப் பதிக்க மாதக்கணக்கில் ஆகும்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்தக் கார்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகின்றன? சுமார் 50 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு காருக்கு 8 யூனிட் போதும். 50 காருக்கு 400 யூனிட். மறுநாள் காலை வரை பத்து மணி நேரம் சும்மாதானே நிற்கப் போகின்றன? 400-ஐப் பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் 40 கிலோவாட். இழப்பையும் சேர்த்து 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 350 எங்கே, 50 எங்கே! எந்த வண்டிக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் சிறிய கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று இருந்தால் இது நடக்கும். பழைய மின் இணைப்பிலேயே கூடச் சமாளித்துவிடலாம். மின் கட்டணம் குறைவாக இருக்கும் பின்னிரவுக்கு சார்ஜிங்கைத் தள்ளியும் வைக்கலாம்.

லாரிக்கு இந்த வித்தை முழுவதும் பலிக்காது. லாரிக்கு இரவில் 200 யூனிட் என்றால், 50 லாரிக்கு 10,000 யூனிட். பத்து மணி நேரத்தில் பிரித்தாலும் 1,000 கிலோவாட். இதற்கு உயர் அழுத்த இணைப்பு கண்டிப்பாக வேண்டும். ஆகவே முதல் லாரிக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே மின் இணைப்புக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புது வண்டிகள் வந்து நிற்க, சார்ஜர் இருந்தும் கரண்ட் வராமல் கிடப்பதைப் போல ஒரு பண விரயம் வேறில்லை.

பெரிய அளவில் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஷென்சென். சீனாவின் அந்த நகரம் 2017 முடிவதற்குள் தன்னுடைய 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை முழுவதுமாக மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. அரசு மானியம் இருந்தது உண்மை. அதோடு, பஸ்களைக் குத்தகைக்கு எடுத்து, பேட்டரியின் பொறுப்பைத் தயாரிப்பாளரிடமே விட்டார்கள். எனக்கு மானியத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஐந்து வருடம் கழித்து பேட்டரி சோர்ந்துபோனால் யார் பணம் கொடுப்பது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிட வேண்டும்.

[திரையில்: ஆரஞ்சு நிறக் கேபிள், மெக்கானிக்கின் கையுறை]

கடைசியாக, வண்டியைப் பழுது பார்ப்பவர். மின்சார லாரியின் அடியில் எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் ஓடும். நூற்றுக்கணக்கான வோல்ட் பாய்கிற வழி அது. அதைத் தொடுவதற்கு முன்பு மெக்கானிக் மின்காப்புக் கையுறை போட வேண்டும், கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் பிளக்கைப் பிடுங்கி, வேறு யாரும் திரும்ப மாட்ட முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். அப்புறம் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் மிச்ச மின்சாரம் இருக்கும். மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கை வைக்கலாம். இருபது வருடம் டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டியவருக்கு இது புதுத் தொழில். வண்டி வாங்கும் பட்ஜெட்டிலேயே அவருடைய பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத நகரத்தில் அவர் வேலையை இழப்பார், அல்லது பயிற்சி இல்லாமல் அந்தக் கேபிளில் கை வைப்பார். இரண்டையும் நான் ஏற்க மாட்டேன்.

இந்த வீடியோ பார்ப்பவர்களில் நகராட்சி ஓட்டுநர்களோ, பணிமனை ஊழியர்களோ, தூய்மைப் பணியாளர்களோ இருந்தால், உங்கள் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை முறை நிற்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். கிடைக்கும் எண்களை வைத்து அடுத்த வீடியோவில் எந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய பேட்டரி தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள், உங்கள் கவுன்சிலருக்கும் இந்த வீடியோவை அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.