ஒரு நாளைக்கு 62 பேர் கூடும் கவுண்டி: வேக் கவுண்டியின் அழகான நடைபாதை ஏன் சாக்கடைக் குழாய் மேல் போகிறது?

[திரையில்: ஓடையோரம் தார்ப்பாதை, மரங்கள், சைக்கிளில் போகிறவர்கள்]

இந்தப் பாதையை நன்றாகப் பாருங்கள். பெருமழை பெய்தால் இது தண்ணீருக்குள் போய்விடும் என்று தெரிந்தேதான் போட்டார்கள். பல இடங்களில் இதற்கு அடியில் ஊர்ச் சாக்கடை ஓடுகிறது. ஆனாலும் இதன் பக்கத்தில் வீடு விற்கிறவர்கள், விளம்பரத்தில் முதல் வரியிலேயே இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எப்படி? அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் போவது அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வேக் கவுண்டிக்கு. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. மாநிலத் தலைநகர் ராலே இங்கேதான் இருக்கிறது. கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குச் சட்டென்று யாராவது நினைவுக்கு வருவார்கள். ஐடி வேலைக்குப் போன அண்ணன், அத்தை மகள், கல்லூரி நண்பர் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி அது. அங்கிருந்து பார்க்கிறவர்கள் கமென்டில் ஒரு வணக்கம் போடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

[திரையில்: மூன்று எண்கள்]

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேக் கவுண்டியில் 9,00,993 பேர். 2020-இல் 11,29,410 பேர். பத்து ஆண்டுகளில் கூடியது 2,28,417. இப்போது பழைய பட்டியலைப் புரட்டி 1970-க்குப் போங்கள். அந்த ஆண்டில் கவுண்டி முழுவதிலும் இருந்தவர்களே ஏறக்குறைய 2,29,000 பேர்தான்! அதாவது, 1970-இல் இருந்த முழு கவுண்டி அளவுக்கு மக்கள் இந்த ஒரே பத்தாண்டில் புதிதாகச் சேர்ந்துவிட்டார்கள். நாள் கணக்கில் வகுத்தால் ஒரு நாளைக்கு 62 பேருக்கு மேல். பிறந்த குழந்தைகளும் குடிவந்தவர்களும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டியை முந்தி, மாநிலத்திலேயே பெரிய கவுண்டி ஆனதும் அந்த 2020 கணக்கெடுப்பில்தான்.

ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-இல் தொடங்கிய ஆராய்ச்சி முக்கோணப் பூங்கா என்ற ஆராய்ச்சி நிறுவனங்களின் வளாகம், சுற்றியுள்ள பல்கலைக்கழகங்கள், அவற்றை ஒட்டி வந்த மருந்து, கணினி நிறுவனங்கள். அவ்வளவுதான்.

நமக்கு முக்கியம் அடுத்த கேள்வி. இத்தனை பேரும் எங்கே வீடு கட்டுவார்கள், எதில் ஏறி வேலைக்குப் போவார்கள், மழைத்தண்ணீர் எங்கே போகும்? கவுண்டிக்குள் 12 ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனித் திட்டம். அவற்றுக்கு வெளியே இருக்கும் நிலத்துக்குக் கவுண்டியே பொறுப்பு. அதற்காக 2021-இல் பிளான்வேக் என்ற திட்டத்தை ஏற்றார்கள். சாராம்சம் ஒரே வரி: வளர்ச்சி ஊர்களின் அருகில் நடக்கட்டும், குடிநீர் ஏரிகளுக்குத் தண்ணீர் தரும் நிலமும் விளைநிலமும் பிழைக்கட்டும்.

சரி, போக்குவரத்து. 2016 நவம்பரில் வேக் கவுண்டி வாக்காளர்கள் தங்கள் விற்பனை வரியை அரை சென்ட் உயர்த்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் அரை சென்ட் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும். பெரிய வித்தியாசத்தில் வந்த வெற்றி இல்லை; பாதிக்குச் சற்றே மேல். ஆனால் அந்தப் பணத்தில் பஸ் சேவை உண்மையிலேயே மாறியது. 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் வழித்தடங்கள் அப்போது மொத்தம் 17 மைல்தான் இருந்தன. அதை 83 மைல் ஆக்குவது திட்டத்தின் இலக்கு. ராலேயில் நியூ பெர்ன் அவென்யூ வழியாகப் பஸ்ஸுக்கென்றே தனித்தடம் போடும் பணியும் இதில்தான் வருகிறது. அந்தப் பணி, நினைத்த வேகத்தில் நகரவில்லை. புறநகர் ரயில் கனவின் நிலைமை இன்னும் மோசம்: செலவு மதிப்பீடு சுமார் 3 பில்லியன் டாலர் என்று ஏறியதும் அது பின்வரிசைக்குப் போய்விட்டது. பக்கத்தில் டர்ஹம், ஆரஞ்ச் கவுண்டிகளில் நகர ரயில் திட்டம் 100 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்த பிறகு 2019-இல் கைவிடப்பட்டது. அதைப் பற்றித் தனி வீடியோவே போடலாம். வேண்டும் என்றால் சொல்லுங்கள்.

ஏன் ரயிலும் பஸ் தடமும் இப்படித் தடுமாறுகின்றன? என் கருத்தைச் சொல்கிறேன். நிலத்தின் நடுவே நீளமாக ஒரு துண்டு இடம் வேண்டும். எல்லாம் கட்டி முடித்த பிறகு அந்தத் துண்டைத் தேடினால் ஒவ்வொரு அடிக்கும் பேரம் பேச வேண்டும். அந்த நீளத் துண்டை முன்கூட்டியே பிடித்து வைத்த ஒரு கதை இதே ஊரில் இருக்கிறது. வாருங்கள், 1972-க்குப் போவோம்.

[திரையில்: ராலேயின் ஓடைகள் மட்டும் நீலத்தில் தெரியும் வரைபடம்]

1972-இல் ராலேயில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, கிராப்ட்ரீ ஓடையின் வெள்ளச் சமவெளியில், அதாவது ஓடை பெருகினால் தண்ணீர் பரவும் தாழ்நிலத்தில், கிராப்ட்ரீ வேலி மால் என்ற பெரிய வணிக வளாகம் திறந்தது. இரண்டு, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பில் ஃப்ளோர்னோய் என்ற முதுகலை மாணவர் நகர மன்றத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார்.

மாலுக்கு என்ன ஆயிற்று? அடுத்த ஆண்டே, 1973-இல், ஓடை பெருகி உள்ளே வந்தது. 1996-இல் ஃபிரான் புயலில் மறுபடி. 2006-இல் ஆல்பர்ட்டோ புயலின் மிச்ச மழையில் இன்னொரு முறை. ஓடைக்கு அது பழைய இடம். அது தன் இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

மாணவரின் அறிக்கை என்ன சொன்னது? ஓடைக்கரைகளைக் கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள். வெள்ளம் பரவ இடம் விடுங்கள். அந்தப் பச்சைப் பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்தால் தண்ணீர் வடிகட்டப்படும், பறவைகளும் விலங்குகளும் பிழைக்கும், மக்கள் நடக்கவும் வழி கிடைக்கும். இப்படி இணைந்து போகும் பச்சைப் பட்டைக்குத்தான் கிரீன்வே என்று பெயர். 1974-இல் நகரம் அந்த அறிக்கையை ஏற்று, கிரீன்வேக்கென்றே ஓர் ஆணையத்தையும் அமைத்தது. ஒரு மாணவரின் அறிக்கை ஒரு நகரத்தின் வரைபடத்தையே தீர்மானித்திருக்கிறது! திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது சாக்கடை விஷயம். எனக்கு இந்த வீடியோவிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

சாக்கடையை மோட்டார் வைத்துத் தள்ளினால் செலவு அதிகம். தானாக ஓட வேண்டும் என்றால் குழாய் சரிவைப் பின்பற்ற வேண்டும். முற்றத்தில் கொட்டிய தண்ணீர் மூலையில் இருக்கும் தூம்பைத் தேடிப் போகிற மாதிரி, ஒரு பகுதியின் சரிவெல்லாம் அதன் ஓடையில்தான் போய் முடியும். ஆகவே பெரிய சாக்கடைக் குழாய்களை ஓடையோரமாகவே புதைக்கிறார்கள். புதைத்தால் போதுமா? பழுது பார்க்க வண்டி போக வேண்டும், மரம் வேர் விடக் கூடாது. அதனால் குழாயின் மேலே நீளமாக ஒரு பட்டையை வெட்டவெளியாக வைத்திருக்கிறார்கள். அதில் வீடு கட்ட முடியாது. அந்த நிலத்தில் நுழைந்து வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே ஊரின் கையில்.

பார்த்தீர்களா? ஓடையோரம், மேடு பள்ளம் குறைவு, மரம் இல்லை, கட்டடம் இல்லை, கிலோமீட்டர் கணக்கில் நீளம். நடைபாதைக்கு இதைவிட என்ன வேண்டும்? நடக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கி, மேலே தார் போட்டார்கள். சாக்கடைப் பராமரிப்பு வண்டிக்கும் நல்ல சாலை, குழந்தையின் தள்ளுவண்டிக்கும் நல்ல சாலை.

[திரையில்: பாதையோரம் உயரமாக நிற்கும் கான்கிரீட் உருளை]

அங்கே நடக்கும்போது பாதையோரத்தில் இப்படிக் கான்கிரீட் உருளைகள் ஆங்காங்கே எழுந்து நிற்கும். ஏதோ பழைய தூண் என்று கடந்துவிடாதீர்கள். அது சாக்கடையின் மேன்ஹோல். வெள்ளம் வந்தாலும் ஓடைத்தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க மூடியை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் அடுத்த முறை நடக்கப் போகும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வரலாம் என்று ஊர் எதிர்பார்க்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அப்புறம் பாதை மூழ்கும் விஷயம். மழைக்குப் பின் சில பகுதிகளை மூடிவிடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் சேற்றைத் தள்ளிவிட்டுத் திறப்பார்கள். வீடு மூழ்கினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே போய்விடும். நடைபாதை மூழ்கினால் கழுவிவிட்டால் போதும். அந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு எனக்குத் தோன்றவில்லை.

புது மனைப்பிரிவு வரும்போது, கிரீன்வே வரைபடத்தில் இருக்கும் ஓடை அதன் வழியே போனால், மனை போடுகிறவர் அந்தப் பட்டையை விட்டுத் தர வேண்டும். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தே இன்று ராலேயில் மட்டும் 100 மைலுக்கு மேல் கிரீன்வே. அதில் நூஸ் ஆற்றுப் பாதை மட்டும் 27.5 மைல், அதாவது 44 கிலோமீட்டர்: ஃபால்ஸ் ஏரி அணைக்கட்டில் தொடங்கி, கவுண்டியின் எல்லை வரை ஆற்றோடு கூடவே போகும். ஃப்ளோரிடா முதல் மெயின் மாநிலம் வரை போகும் கிழக்குக் கடற்கரை கிரீன்வேயும் இந்தக் கவுண்டிக்குள் நுழைந்துதான் போகிறது. ஊர்ப் பாதைகளை இணைப்பதற்குக் கவுண்டி 2017-இல் தனித்திட்டம் வகுத்தது. 2018-இல் பூங்கா, கிரீன்வே, திறந்தவெளிக்கென்று 120 மில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள்.

மேற்கே அமெரிக்கன் டொபாக்கோ டிரெயில் என்று இன்னொன்று. புகையிலை ஏற்றிப்போன ரயில்பாதை, ரயில் நின்ற பிறகு நடைபாதையானது. வேக் கவுண்டிப் பகுதியில் தாருக்குப் பதில் நொறுக்கிய கல்தூள் போட்டிருப்பதால் குதிரைகளும் வரும்.

இந்த இடத்தில்தான் ரயில் திரும்பவும் கதைக்குள் வருகிறது. ராலேயிலிருந்து வேக் ஃபாரஸ்ட் வழியாக வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நோக்கிப் போகும் எஸ் லைன் என்ற பழைய ரயில்தடத்துக்கு, 2023 டிசம்பரில் மத்திய அரசு 1 பில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கியது. புறநகர் ரயிலுக்கு நகராத வேலை இங்கே ஏன் நகர்கிறது? பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த நீளத் துண்டு நிலம் வீட்டுமனைகளாகச் சிதறாமல் இருந்தது பெரிய காரணம் என்பது என் நம்பிக்கை. ஓடைக்கு நடந்ததுதான் இதற்கும் நடந்திருக்கிறது.

கேரி, மோரிஸ்வில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேக் போக்குவரத்துத் திட்டத்தின் ஆண்டு வேலைப் பட்டியல், ஜூலையில் தொடங்கும் நிதியாண்டுக்கு முன்பு, ஒவ்வோர் ஆண்டும் மக்கள் கருத்துக்காக வெளியிடப்படுகிறது. அதைப் படித்து எழுதுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடைபாதை இருக்கிறதா, இல்லையென்றால் எந்த ஆண்டில் வரும் என்று கேளுங்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கவே வழியில்லாத தெருக்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: கார் ஓட்டத் தெரியாத பெரியவர்கள் நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் தனியாகப் போய்வர ஒரு கிரீன்வேயும், 15 நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும் போதும். உங்கள் தெருவின் பின்னால் ஓடை போகிறது என்றால், கிரீன்வே வரைபடத்தில் அதன்மேல் கோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், பக்கத்துக் காலிமனைக்குக் கட்டட விண்ணப்பம் வருவதற்குள் உங்கள் ஊர் மன்றத்துக்கு எழுதிவிடுங்கள்.