ஒரே பெயர், ஒரே ஆள் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சகோதரர்களே, பந்தலுக்குள் இடம் கிடைக்காமல் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘ஊரோடு பகிர்ந்துகொள்ளும் குடும்பப்பெயர் மனிதனின் அடையாளத்தைக் கரைக்கிறதா, காக்கிறதா?’ இதுதான் இன்றைய தலைப்பு. பொதுவாகப் பேசிக் கலைந்துவிடக் கூடாது என்று நடுவர் ஒரே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். சிங். அந்தப் பெயர் மனிதனைக் காக்கிறது என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5, காலை ஏழு மணி. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்காக இந்தியாவும் ஜெர்மனியும் ஹாக்கி ஆடுகின்றன. எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி ஓடுகிறது. அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறார். 1-3 என்று பின்தங்கிக் கிடந்த இந்தியா எழுந்து வந்து 5-4 என்று ஜெயித்தது. 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில் ஒரு பதக்கம்! நான் சத்தம் போட்டதில் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடி வந்தார். வந்தவர் கேட்டார்: “அப்போதிருந்து சிங், சிங்னே சொல்றானே. அஞ்சு கோலையும் அந்த ஒரே புள்ளையா போட்டுச்சு?”

“இல்லம்மா, நாலு பேர். சிம்ரன்ஜீத் சிங் ரெண்டு, ஹர்திக் சிங் ஒண்ணு, ஹர்மன்பிரீத் சிங் ஒண்ணு, ரூபிந்தர் பால் சிங் ஒண்ணு.”

அம்மா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் எதிரணித் தலைவர் இன்றைக்கு வாதமாக வைத்துவிட்டுப் போனார். தெருவில் நின்று சிங் என்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்புவார்கள், இது என்ன அடையாளம் என்றார். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஒரே அணியில் மூன்று பல்பீர் சிங்குகள் ஆடினார்கள், ஆளுக்கு ஆள் அடையாளம் சொல்லவே திண்டாட்டம் என்றார். சீக்கிய ஆண்கள் சிங், பெண்கள் கௌர் என்று மட்டும் குடும்பப்பெயர் போட்டால் குடியேற்ற விண்ணப்பத்துக்குப் போதாது, வேறு பெயர் சேர்த்துக்கொண்டு வா என்று கனடா அதிகாரிகள் வருஷக்கணக்கில் திருப்பி அனுப்பியதைச் சொன்னார். கடைசியாக, சாதியை அழிக்க வந்த பெயர் என்கிறீர்களே, பஞ்சாபில் சாதி அழிந்ததா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் இந்தப் பெயர் பிறந்த இடத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

1699. பஞ்சாபின் அறுவடைப் பண்டிகையான வைசாகித் திருநாள். ஆனந்த்பூர். ஆயிரக்கணக்கில் கூடியிருந்த ஜனங்களுக்கு முன்னால் சீக்கியர்களின் பத்தாவது குருவான கோவிந்த் ராய் உருவிய வாளோடு வந்து நின்று, “எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள்?” என்று கேட்டார் என்று சீக்கிய மரபு சொல்கிறது. கூட்டம் உறைந்துபோனது. ஒருவர் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போன குரு, திரும்பி வந்து இன்னொரு தலை கேட்டார். இப்படி ஐந்து பேர். லாகூரிலிருந்து வந்த தயா ராம், கத்ரி என்ற உயர்சாதிக்காரர். ஹஸ்தினாபுரத்து தரம் தாஸ், ஜாட் உழவர். பூரி ஜகந்நாதத்து ஹிம்மத் ராய், தண்ணீர் சுமப்பவர். துவாரகையின் மோகம் சந்த், துணிக்கு அச்சுப் போடுபவர். ஐந்தாவது நம் தென்பக்கத்து ஆள், பீதர் ஊரின் சாகிப் சந்த், நாவிதர்.

தலை போகவில்லை. ஐந்து பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஓர் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை வில்லை போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, அதே கிண்ணத்திலிருந்து ஐந்து பேருக்கும் கொடுத்தார் குரு. கத்ரி குடித்த கிண்ணத்தில் தண்ணீர் சுமப்பவர் குடித்தார். நாவிதர் குடித்தார். நடுவர் அவர்களே, டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த மண் நம்முடையது. ஒரே கிண்ணம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

அதன் பிறகுதான் பெயர். தயா ராம் தயா சிங் ஆனார், சாகிப் சந்த் சாகிப் சிங் ஆனார். ராயும் தாஸும் சந்தும் போயின. சிங் என்றால் சிங்கம். அதுவரை ராஜபுத்திரர்கள் வீட்டில் பட்டமாக இருந்த பெயர் அது. அரண்மனைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெயரைத் தூக்கி வந்து தண்ணீர்க் குடம் சுமந்த தோளில் வைத்தார் குரு. இதோடும் அவர் நிற்கவில்லை. அந்த ஐந்து பேர் முன்னால் தானே மண்டியிட்டு, “எனக்கும் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிக் குடித்தார். கோவிந்த் ராயாக மண்டியிட்டவர் கோவிந்த் சிங்காக எழுந்தார். தன் சீடர்களிடம் கையேந்திப் பெயர் வாங்கிக்கொண்ட குரு! அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கரைக்கிறது என்கிறீர்கள். எதைக் கரைத்தது? நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, உன் கையில் தண்ணீர் வாங்கலாமா கூடாதா, அதைக் கரைத்தது. சாகிப் சந்தின் தைரியத்தை அது கரைக்கவில்லையே. இத்தனை நூற்றாண்டு கழித்தும் ஐந்து பேரையும் பெயர் பெயராகச் சொல்கிறோமே!

இதே நோய்க்கு நாமும் மருந்து தேடினோம். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப்பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. முதலியாரும் பிள்ளையும் நாடாரும் பெயரின் வாலிலிருந்து கழன்றன. நாம் வெட்டி எறிந்தோம், அவர்கள் எல்லோருக்கும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு கஷாயம். குடி அரசு இதழில் பெரியார் பகத்சிங்குக்காக 1931-ல் தலையங்கம் எழுதினாரே, அந்த உறவு சும்மா வந்ததல்ல.

சரி, பல்பீர் சிங்குகளுக்கு வருகிறேன். மூன்று பேரை எப்படி அடையாளம் சொன்னார்கள் என்பதை எதிரணித் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ரயில்வே பல்பீர், ராணுவத்து பல்பீர், பஞ்சாப் போலீஸ் பல்பீர். அப்பன் பெயரும் கேட்கவில்லை, சாதியும் கேட்கவில்லை. எங்கே வேலை பார்க்கிறாய், யாருக்காக ஆடுகிறாய் என்று மட்டும்தான் கேட்டார்கள். இவர்களுக்கு முன்னால் இன்னொரு பல்பீர் சிங் இருந்தார். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா அடித்த 6 கோலில் 5 அவருடையது. இத்தனை பல்பீர்களுக்கு நடுவே அவரை யாரும் தொலைக்கவில்லை. சீனியர் என்று சொன்னாலே போதும், ஹாக்கி பார்க்கிற எவருக்கும் தெரியும்.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், பாருங்கள். இருவரும் இன்றைய பாகிஸ்தானில் பிறந்தவர்கள். இருவரையும் 1947 வேரோடு பிடுங்கி இந்தப் பக்கம் எறிந்தது. ஒருவர் கண்ணெதிரே குடும்பத்தைப் பறிகொடுத்து டெல்லிக்கு ரயில் ஏறிய சிறுவன். ராணுவத்தில் சேர்ந்து ஓடக் கற்று, 1960 ரோமில் 400 மீட்டரில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். மில்கா சிங். இன்னொருவர் தாயைச் சிறு வயதில் இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, மின்சாரம் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். 1991-ல் நிதியமைச்சர். 2004 முதல் 2014 வரை பிரதமர். மன்மோகன் சிங். ஒரே மண், ஒரே காயம், ஒரே பெயர். இந்த நாட்டில் யாராவது இவரை அவர் என்று நினைத்ததுண்டா? ஒருவரைக் கால் காட்டிக்கொடுத்தது, இன்னொருவரைப் பேனா காட்டிக்கொடுத்தது.

நம்ம சென்னைக்காரர்களுக்குத் தோனியைச் சொல்லாமல் விட முடியுமா? மகேந்திர சிங் தோனி. 2007-ல் டர்பனில் ஒரே ஓவரில் யுவராஜ் சிங் ஆறு சிக்ஸர் பறக்கவிட்டபோது மறுமுனையில் நின்றவர் அவர்தான். இரண்டு முனையிலும் சிங். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. சாதி அழிந்ததா? இல்லை. ஒப்புக்கொள்கிறேன். பஞ்சாபின் சில கிராமங்களில் தலித் சீக்கியருக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. சிங்குக்குப் பின்னால் குலப்பெயரை ஒட்டிக்கொண்டு பழைய வாசல் வழியாகவே உள்ளே வந்தவர்கள் நிறைய. வலிக்கிறது. ஆனால் அது பெயர் செய்த பிழையா? கிண்ணத்தைக் கொடுத்தவர் மேல் குற்றமா, குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பிரித்து வைத்தவர் மேல் குற்றமா? எதிரணி கனடாவைச் சொன்னதே, அங்கேயே ஒரு பதில் இருக்கிறது. 2007-ல், எதிர்ப்பு கிளம்பியதும் கனடா அந்த விதியைக் கைவிட்டது. பத்தே வருஷம். 2017-ல் அந்த நாட்டின் புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானவர் ஜக்மீத் சிங். அவருக்கு தாலிவால் என்ற குலப்பெயரும் உண்டு. அது சாதியைச் சொல்கிறது என்று அதை விட்டுவிட்டு, வெறும் சிங்காகப் பொதுவாழ்வில் நின்றார். எந்தப் பெயர் போதாது என்று திருப்பி அனுப்பினார்களோ அதே பெயர்.

ராஜபுத்திரர் வீட்டுச் சிங்கிலிருந்தும் ஒருவர் வந்தார். மாண்டா அரச குடும்பத்து வி.பி. சிங். 1990-ல் பிரதமராக இருந்தபோது பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு என்று அறிவித்தார், நாற்காலியையே இழந்தார். இன்று சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலையாக நிற்கிறார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பேன். தமிழே தெரியாத ஒரு மனிதருக்கு இந்த ஊரில் சிலை இருக்கிறதே!

ஒரு பெண்ணாக நான் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் என் இனிஷியல் அப்பாவுடையது. கல்யாணமானதும் மாற்று என்றார்கள். ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். ‘இந்த மல்லிகா யாரு, அந்த மல்லிகா யாரு?’ என்று கேட்டார்கள். கௌர் என்ற பெயரோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த நடை தேவையில்லை. கௌர், இளவரசி என்று பொருள் சொல்வார்கள். அது அப்பன் பெயரும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை. பிறந்ததிலிருந்து கடைசி வரை அவளுடையது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். 2017-ல் டெர்பியில் ஆஸ்திரேலியாவை ஆட்டமிழக்காமல் 171 அடித்துத் திணறடித்த ஹர்மன்பிரீத் கௌர், 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் உலகக் கோப்பையையே தூக்கினார். பாருங்கள், டோக்கியோவில் கோல் அடித்தவரும் ஹர்மன்பிரீத், கோப்பை தூக்கியவரும் ஹர்மன்பிரீத். பஞ்சாபில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர் வைப்பார்கள். ஒருவர் சிங், ஒருவர் கௌர். இருவரும் இந்தியாவுக்குக் கேப்டன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிஷம் கொடுங்கள்.

1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. அன்றைக்கும் வைசாகிதான். அதே அமிர்தசரஸில் அநாதை இல்லத்தில் வளர்ந்த ஒரு பையன் இருந்தான். பெற்றோர் வைத்த பெயர் ஷேர் சிங். இல்லத்தில் கொடுத்த பெயர் உதம் சிங். 21 வருஷம் காத்திருந்தான். அன்று பஞ்சாபை ஆண்ட மைக்கேல் ஓ’டுவயரை, 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் சுட்டான். நாடு நாடாக வேறு வேறு பெயரில் திரிந்தவன் அவன். பிடிபட்ட பிறகு பெயர் கேட்டார்கள். முகமது சிங் ஆசாத் என்றான். முன்னால் ராம் சேர்த்தும் அந்தப் பெயர் இன்று வழங்குகிறது. ஆசாத் என்றால் விடுதலை பெற்றவன். அந்த வரிசையில் எல்லாமே அவனாகச் சேர்த்துக்கொண்டது, நடுவில் இருக்கும் அந்த ஒரு சொல்லைத் தவிர. அதை மட்டும் அந்தப் பெயரில் அவன் விடவில்லை. ஜூலை 31 அன்று லண்டன் சிறையில் தூக்கிலிட்டு அங்கேயே புதைத்தார்கள். 1974-ல் தோண்டி எடுத்து இந்தியா கொண்டுவந்தார்கள். சுனாம் என்ற அவனுடைய சொந்த ஊரில், உதம் சிங் என்ற பெயரில், எரியூட்டினார்கள்.

தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.