மேனிங் ரேஞ்சர்ஸ் ஜெயித்த வருஷம்

நேயர்களுக்கு வணக்கம். காற்பந்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, எதைப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. 1996-97 மேனிங் ரேஞ்சர்ஸைப் பற்றித்தான் பேச வேண்டும். தென்னாப்பிரிக்காவின் உயர்மட்டக் காற்பந்துப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்த நம்ம டர்பன் அணி அது. இன்றைக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிக்கிறார்கள். எனக்கு அது பெரிய மனத்தாங்கல்.

அந்தச் சமயம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். நிறம் பார்த்து ஆடிய தென்னாப்பிரிக்கச் சங்கத்தை 1961-இல் ஃபிஃபா ஒதுக்கி வைத்தது, 1976-இல் அடியோடு நீக்கியது. 1992-இல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். 1996 பிப்ரவரியில் நம் தேசிய அணியான பஃபானா பஃபானா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அதே வருஷம் புது லீக் பிறந்தது. மொத்தம் 18 அணிகள், அணிக்கு 34 ஆட்டங்கள். கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்று நாடு முழுக்க ரசிகர் படை வைத்திருந்த ஜாம்பவான்கள் அதில் இருந்தார்கள். டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் மைதானத்திலிருந்து வந்த அணி அவர்களையெல்லாம் முந்தும் என்று யார் எதிர்பார்த்தது?

அதிர்ஷ்டம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாக்-அவுட் கோப்பையை ஒரு நல்ல நாளில் ஜெயித்துவிடலாம். லீக் அப்படி இல்லை. பல மாதம், வெளியூர்ப் பயணம், காயம், மழை எல்லாவற்றையும் தாண்டி வாராவாரம் புள்ளி சேர்க்க வேண்டும். பயிற்சியாளர் கோர்டன் இகேசண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அப்புறம் பைரேட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று வேறு மூன்று அணிகளையும் லீக் பட்டம் வெல்ல வைத்தார். அந்த வரிசையில் முதல் பட்டம் நம்முடையது. நாலு முறையும் அதிர்ஷ்டமா?

ஆனால் பயிற்சியாளரை மட்டும் புகழ்ந்தால் போதாது. இந்த கிளப் 1928-இல் தொடங்கியது. வெள்ளைக்காரர் மைதானத்தில் நம் இந்திய ஜனங்களுக்கு இடம் இல்லாத காலம். டர்பனில் இருக்கும் கரீஸ் ஃபவுண்டன் மைதானம்தான் நமக்கு எல்லாம். 1960-களில் நிறம் பாராமல் ஆடிய சாக்கர் லீக்குக்கு நகராட்சிகள் மைதானம் தர மறுத்தபோதும் அங்கேதான் ஆட்டம் நடந்தது. எதிர்க் கோலுக்குப் பின்னால் தெரியும் பெரியா என்ற மேட்டைப் பார்த்தபடி, நிற்க இடமில்லாமல் கூட்டம் நிற்கும். மேகசின் பேரக்ஸில் குடியிருந்த நகராட்சித் தொழிலாளிகள், பெரும்பாலும் நம் தமிழ், தெலுங்கு ஜனங்கள், வேலை முடித்த கையோடு பூட்ஸைக் கட்டுவார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து அந்த ஜனங்களைப் பிய்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டது. வீட்டை இழந்தார்கள், அக்கம்பக்கத்தை இழந்தார்கள். போன இடத்தில் கொஞ்சம் சமதரையைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கோல் கம்பம் நட்டார்கள்.

அந்தக் கால கிளப் என்றால் ஆபீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது. செயலாளர் வீட்டுச் சமையலறை மேசைதான் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சேறு அப்பிய ஜெர்சி பதினொன்றும் ஒரே மூட்டையாக யாராவது ஒரு அம்மா வீட்டுக்கு வரும். சன்லைட் சோப்பைப் போட்டுக் கல்லில் தேய்த்து, நம்பர் கிழிந்திருந்தால் தைத்து, கொடியில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கொடியைப் பார்த்தே நேற்று ஆட்டம் எப்படி இருந்தது என்று கணக்குப் போடுவார். இந்த அம்மாக்கள் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் துவைக்காமல் இருந்திருந்தால் அடுத்த வாரம் அணியே இல்லை.

1997-இல் பட்டம் வந்தபோது அணியில் எல்லா இனத்துப் பையன்களும் இருந்தார்கள். அதில் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். கரீஸ் ஃபவுண்டன் ஆட்கள் இத்தனை வருஷம் போராடியது அதற்காகத்தானே? மறுவருஷம், 1998-இல், ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் குழுச்சுற்று வரை போனோம்.

அதன்பின் சரிவு. பணக்கஷ்டம் கழுத்தை நெரித்தது. 2006-இல் கிளப் கைமாறி, பெயரும் மாறி, கேப் டவுனுக்குப் போய்விட்டது.

சரி, போனது போகட்டும். இன்றைக்கு உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் தாத்தாவோ ஆயாவோ இருந்தால், எந்த கிளப்புக்கு ஆடினீர்கள், யார் ஜெர்சி துவைத்தது, பஸ் காசு யார் கொடுத்தது என்று இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பீரோவுக்குள் கிடக்கும் பழைய அணிப் படத்தின் பின்பக்கம் பெயர்களை எழுதி வையுங்கள். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. நம் ஜனங்களின் சரித்திரத்தைச் சேர்த்து வைக்கும் இடம். படத்தின் ஒரு நகலை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நன்றி, வணக்கம்.