கொடித்தோடையும் புதினாவும்: கொழும்புப் புழுக்கத்துக்கு ஒரு கிளாஸ்

(காட்சி: வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் பல்கணி. பகல் இரண்டு மணி. மேசையில் நான்கு கொடித்தோடைப் பழம், ஒரு கட்டுப் புதினா, இரண்டு தேசிக்காய்.)

வணக்கம். ஏப்ரல் மாதத்தில் கொழும்பில் இருப்பவர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாத முற்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். நடுப்பகலில் காலி வீதியில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடிக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கும். ஆனால் வெயிலைக்கூடத் தாங்கலாம், இந்தப் புழுக்கத்தைத்தான் தாங்க முடிவதில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. வியர்வை காய்ந்தால்தானே உடல் குளிரும்? வவுனியா வெயிலில் பழகியவர்கள்கூட இங்கே வந்து "ஐயோ, அவியுது" என்று சொல்வது அதனால்தான்.

இந்தப் புழுக்கத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கொக்டெயிலை இன்று பார்ப்போம். கொடித்தோடை, புதினா, சேர என்ற எலுமிச்சைப் புல், தேசிக்காய், அளவாகத் தென்னஞ்சாராயம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிளாஸில் பழத்துக்கும் இலைக்கும்தான் முதல் மரியாதை. சாராயம் பின்னால் நின்று வாசம் கொடுத்தால் போதும். மது உடம்பில் ஏறினால் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரியும், மேல் சூடாகும். சிறுநீரும் அதிகமாகப் போகும். வெக்கைக்கு என்று அதைக் கூடக் குடித்தால், வந்த வேலைக்கு எதிர்வேலைதான் நடக்கும். ஆகவே ஒரு பெரிய கிளாஸுக்கு 50 மில்லிலீட்டர், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் இருக்கட்டும்.

இலங்கையில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். சாராயம் இல்லாமலும் இதைச் செய்யலாம், அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

(காட்சி: உள்ளங்கையில் இரண்டு பழங்கள். ஒன்று வழவழப்பாக, ஒன்று தோல் சுருங்கி.)

பழத்திலிருந்து தொடங்குவோம். இந்த இரண்டில் எதை எடுப்பீர்கள்? பலர் வழவழப்பானதைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தைச் சந்தையில் வழமையாக நான் வாங்கும் அம்மா ஒருநாள் என் கூடையிலிருந்து நான்கு பழங்களைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, "சுருங்கினதாப் பாத்து எடுங்கோ பிள்ளை, அதுதான் இனிக்கும்" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. கொடித்தோடை பழுக்கப் பழுக்கத் தோல் ஈரம் இழந்து சுருங்கும், உள்ளே புளிப்பு குறைந்து வாசம் கூடும். கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும். அதையும் பாருங்கள். பாரமில்லாமல் சுருங்கியிருந்தால் உள்ளே சாறு வற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கிளாஸுக்கு இரண்டு பழம். பாதியாக வெட்டி, கரண்டியால் வழித்து, தேத்தண்ணி வடியில் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி வடியுங்கள். மிக்ஸியில் போட வேண்டாம். விதை உடைந்தால் கறுப்புத் துகள் கலந்து ஒரு கசப்பும் வந்துவிடும். வடித்த சாறு 30, 40 மில்லிலீட்டர் வரை தேறும். ஒரு கரண்டி விதையை மட்டும் எடுத்து வையுங்கள், கடைசியில் மேலே போடலாம்.

சரி, அடுத்தது புதினா. எனக்கு இந்தக் கிளாஸில் மிகப் பிடித்தது இதுதான், கொஞ்சம் நின்று பேசுவோம்.

(காட்சி: புதினா இலை, மிக அருகில். இலையின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள்.)

இலையை வெளிச்சத்தில் பிடித்துக் கூர்ந்து பார்த்தால் மேலே நுண்ணிய புள்ளிகள் தெரியும். வாசனை எண்ணெய் அந்தச் சின்னச் சுரப்பிகளுக்குள்தான் இருக்கிறது, அதாவது இலையின் மேற்பரப்பிலேயே. அதை வெளியே எடுக்க இலையைத் துவைக்கத் தேவையில்லை. எட்டு, பத்து இலையை உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் ஒரே ஒரு தட்டு.

(ஒலி: கை தட்டும் சத்தம்.)

இப்போது கையை மணந்து பாருங்கள். சுரப்பி உடைந்து எண்ணெய் வெளியே வந்துவிட்டது. இலை இன்னும் முழுதாகவே இருக்கிறது. இதை உரலில் இட்டு இடித்தால் இலைக்குள் இருக்கும் பச்சைச் சாறும் சேர்ந்து வெளியே வரும். அதற்குப் புல்லின் சுவை, கசப்பு. நான் முதல் தடவை செய்தபோது ஒரு கைப்பிடிப் புதினாவை மிக்ஸியில் அரைத்துவிட்டேன். நிறம் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாய்க்கு மேல் யாராலும் குடிக்க முடியவில்லை. சம்பலுக்கு அரைக்கும் புதினா வேறு, குடிக்கும் புதினா வேறு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

புதினா வாயில் பட்டதும் குளிர்கிறதே, அது உண்மையில் வெப்பநிலை குறைவதால் வருவதில்லை. புதினாவில் மெந்தோல் என்ற பொருள் இருக்கிறது, சில இனங்களில் கூட, சிலவற்றில் குறைய. எங்கள் நாக்கிலும் தோலிலும் குளிரை உணர்வதற்கென்று நரம்பு முனைகளில் ஒரு கதவு உண்டு. மெந்தோல் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. உடனே மூளை "குளிர்" என்று எடுத்துக்கொள்கிறது. 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாக மெந்தோலை வைத்துத்தான் இந்தக் கதவைக் கண்டுபிடித்தார்கள். ஐஸ் ஒரு பக்கம் உண்மையாகக் குளிர்விக்க, புதினா இன்னொரு பக்கம் அந்தக் குளிரைக் கூட்டிக் காட்டுகிறது.

இனி இனிப்பு. இறைச்சிக் கறிக்குப் போடுகிறோமே, அந்தச் சேர. சந்தையில் பெயரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். அடித்தண்டில் இரண்டை எடுத்து உலக்கையால் ஒரு தட்டுத் தட்டி, ஒரு கோப்பை சீனி, ஒரு கோப்பை தண்ணீரோடு சேர்த்து அடுப்பில் வையுங்கள். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, மூடி, ஆறவிட்டு வடித்தால் பாணி தயார். தேசிக்காய்த் தோலில் வரும் அந்த வாசத்துக்குக் காரணமான சித்ரல் சேரயிலும் நிறைய இருக்கிறது. அதனால்தான் இரண்டும் கேட்காமலே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. கித்துள் பாணி போடலாமா என்று கேட்பீர்கள். கித்துள் எனக்கு உயிர், ஆனால் தயிருக்கு. இங்கே போட்டால் அதன் புகை வாசம் கொடித்தோடையை அமுக்கிவிடும்.

(காட்சி: தென்னை உச்சிகளுக்கு இடையே கட்டிய கயிறுகள்.)

கொழும்பிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால், வாதுவை, களுத்துறைப் பக்கம், மரத்துக்கு மரம் கட்டிய தென்னங்கயிற்றில் நடந்து போய்க் கள் இறக்குவதைப் பார்க்கலாம். தென்னம் பாளையைச் சீவி எடுக்கும் அந்தக் கள், இறக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அதைக் காய்ச்சி வடித்து, மரப் பீப்பாயில் வைத்து எடுப்பதுதான் தென்னஞ்சாராயம். வாங்கும்போது லேபலைப் படியுங்கள். தென்னஞ்சாராயம் மட்டும் உள்ள போத்தலும் உண்டு, வேறு மதுசாரம் கலந்ததும் உண்டு. முதலாவதில்தான் அந்த மெல்லிய பூவாசம் வரும். கசிப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அதில் மெத்தனோல் கலந்திருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். போயா நாளில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும், முதல் நாளே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பாதி வேலை அதன் தலையில்தான். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. இது நாங்கள் சாப்பாட்டில் கணக்கிடும் பெரிய கலோரி அல்ல, ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் சின்னக் கலோரி. பானத்தைக் குளிர்விப்பது முக்கியமாக அந்த உருகுதல்தான். உருகிய தண்ணீர் பானத்தில் கலக்கத்தான் செய்யும், அதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீர்தான் புளிப்பையும் சாராயத்தின் காரத்தையும் தணிக்கிறது. குலுக்குவதற்குச் சாதாரணக் கட்டிகள் போதும். கிளாஸுக்குள் மட்டும் பெரிய கட்டி போடுங்கள், மெதுவாக உருகும். சின்ன மூடிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி முதல் நாள் இரவே வைத்தால் பெரிய கட்டி கிடைக்கும். மூடி ஏன் என்றால், எங்கள் வீட்டுப் பிரீசர்களில் மீன் இருக்கும், அரைத்த கூட்டு இருக்கும். திறந்து வைத்த ஐஸ் அந்த வாசத்தை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

(காட்சி: அகலவாய்க் கண்ணாடிப் போத்தல், மூடியுடன்.)

இனிக் கலக்குவோம். ஷேக்கர் வேண்டியதில்லை, இறுக்கமாக மூடக்கூடிய பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்தால் போதும். கொடித்தோடைச் சாறு முழுவதும், அரைத் தேசிக்காயின் சாறு, சேரப் பாணி 25 மில்லிலீட்டர், சாராயம் 50 மில்லிலீட்டர், தட்டிய புதினா, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். காலிமுகத்திடலில் அன்னாசித் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவதை நினைத்துப் பாருங்கள், உப்புப் பட்டதும் பழம் இன்னும் பழமாகிறது. இங்கும் அதே வேலைதான். போத்தல் பாதி நிறைய ஐஸ் போட்டு, மூடி, பன்னிரண்டு, பதினைந்து விநாடி பலமாகக் குலுக்குங்கள். கை விறைத்து, போத்தலின் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்துக்கட்டும். அதுதான் கணக்கு, மணிக்கூடு தேவையில்லை.

பெரிய ஐஸ் போட்ட கிளாஸில் வடித்து ஊற்றுங்கள். குலுக்கிய புதினா அதற்குள் கறுக்கத் தொடங்கியிருக்கும், வடியோடு போகட்டும். அதன் மேல் பிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா ஒரு 80 மில்லிலீட்டர், கிளாஸின் ஓரமாகச் சரித்து. குளிர்ந்த தண்ணீரில்தான் வாயு தங்கும், அறைச்சூட்டில் இருந்த சோடாவை ஊற்றினால் ஒரே நுரையாகப் பொங்கி அடங்கிவிடும். சோடாவைப் போத்தலுக்குள் ஊற்றிக் குலுக்க மட்டும் வேண்டாம், அமுக்கம் கூடி மூடி பறக்கும். எடுத்து வைத்த விதையை மேலே போட்டு, ஒரு புதினாக் கொழுந்தைத் தட்டி மூக்குக்கு நேரே வரும்படி குத்தி வையுங்கள். குடிக்கும்போது வாசம்தான் முதலில் வர வேண்டும்.

ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண் சுருங்கினால் பாணி ஒரு தேக்கரண்டி. தித்தித்தால் தேசிக்காய் நான்கு சொட்டு. பழம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது, அதனால் என் அளவை விட உங்கள் நாக்கை நம்புங்கள்.

(காட்சி: செவ்விளநீர் வெட்டும் கை.)

சாராயம் இல்லாத கிளாஸுக்கு 100 மில்லிலீட்டர் செவ்விளநீர் ஊற்றுங்கள், மற்றது எல்லாம் அப்படியே. செவ்விளநீரில் இனிப்பு இருப்பதால் பாணியைப் பாதியாகக் குறையுங்கள். கொஞ்சம் உறைப்பு வேண்டும் என்றால் சோடாவுக்குப் பதிலாக ஜிஞ்சர் பியர். பெயரில்தான் பியர், எங்கள் கடைகளில் விற்கும் அந்தச் சோடாப் போத்தலில் மது கிடையாது. என் வீட்டில் சின்னவர்கள் கேட்பது இதைத்தான், சில நாள் நானும் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சப் பாணியைக் கழுவிக் காயவைத்த போத்தலில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு கிழமை இருக்கும். மிச்சப் புதினாவைக் காம்போடு ஒரு கோப்பைத் தண்ணீரில் நிறுத்தி யன்னலோரம் வைத்தால் சில நாளில் வேர் விடும். அப்புறம் அதை ஒரு சாடியில் நட்டுவிடுங்கள். பல்கணியில் அரை நாள் வெயில் பட்டால் போதும்.