கேட்ட கேள்வியும் கேட்க வந்த கேள்வியும்

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, நூலகத் துறை நண்பர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உளவியல் புத்தகங்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று ஒரு மாணவி, நூலகத்தில் ஐயம் கேட்பதற்கென உள்ள உசாத்துணை மேசைக்கு வந்து கேட்கிறார். கையை நீட்டி இடத்தைக் காட்டிவிட்டால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் தேர்ந்த நூலகர் அப்படி அனுப்பிவிடமாட்டார். “எதைப் பத்திம்மா எழுதப் போறீங்க?” என்று கேட்பார். உறக்கத்தைப் பற்றி என்பார் மாணவி. உறக்கத்தில் எதை என்று மேலும் கேட்டால், தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிப்பவர்களுக்குப் படித்தது நினைவில் நிற்குமா என்று அறிய வேண்டும், ஆய்விதழ்க் கட்டுரைகளைத்தான் ஆதாரமாகக் காட்ட வேண்டும், அடுத்த வாரமே ஒப்படைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். உளவியல் அடுக்குக்குப் போயிருந்தால் அரை நாளைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

கல்லூரி நூலகரின் பணியில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தச் சிறு உரையாடலைத்தான். மாணவர் கற்க உதவுவதையும் சேவையை மேம்படுத்துவதையும் ஆண்டறிக்கையில் தனித்தனித் தலைப்புகளில் எழுதுகிறோம். இரண்டுக்கும் ஊற்றுக்கண் மாணவரின் கேள்விதான் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

ராபர்ட் டெய்லர் என்ற தகவலியல் அறிஞர் 1968இல் எழுதிய கட்டுரையில் தகவல் தேவையை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் அது சொல்லாக வடிவெடுக்காத ஏதோ ஒரு குறை. பிறகு மனத்துக்குள் தெளிவில்லாமல் எழும் வினா. அதன்பின் முறையாகச் சொல்லக்கூடிய வினா. கடைசியில், நூலகம் இப்படிக் கேட்டால்தான் தரும் என்று தாமே ஊகித்துக்கொண்டு மாற்றியமைத்த வினா. மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்த நான்காவது வடிவம்தான். எதிர்க்கேள்விகளால் அதை அதன் மூலத்துக்குக் கொண்டுபோகும்போது, தம் ஆய்வுப் பொருள் இன்னதென்பது மாணவருக்கே புலப்படத் தொடங்குகிறது. கற்பித்தல் அங்கேயே நடந்துவிடுகிறது.

மேசைக்கே வராதவர்களை என்ன செய்வது? கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர், முதன்முதலாக நூலகத்தில் ஆய்வுத் தேடலில் இறங்கிய மாணவர்கள் எழுதிய குறிப்புகளைப் பல பருவங்கள் தொகுத்துப் படித்து, 1986இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த மாணவர்களில் 75 முதல் 85 விழுக்காட்டினர் தம் தொடக்க அனுபவத்தை அச்சமாகவே விவரித்திருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் நூலகம் பழக்கமான இடம், தமக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கிறார்கள்; வாயைத் திறந்து கேட்டால் அது அம்பலமாகிவிடும் என்று அஞ்சியிருக்கிறார்கள். ‘தயங்காமல் கேளுங்கள்’ என்று பலகை எழுதி மாட்டுவதால் இந்த அச்சம் போய்விடாது. நூலகர் எழுந்து மாணவர் இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். வகுப்பறையில் முகம் தெரிந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதைவிடத் தெரிந்த முகத்திடம் கேட்பது எளிது.

அதனால்தான், கல்வியாண்டின் முதல் வாரத்தில் புதிய மாணவர்களைக் கூட்டமாக அழைத்துச் சென்று கட்டடத்தைச் சுற்றிக்காட்டும் வழக்கத்தின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தேவை எழாத நேரத்தில் கேட்டது மனத்தில் தங்குவதில்லை. கரோல் குல்தாவ் என்ற நூலகவியல் ஆய்வாளர் மாணவர்களின் தேடலைத் தொடர்ந்து ஆராய்ந்து, அது ஆறு கட்டங்களில் செல்வதாக விளக்கினார். தலைப்பைத் தேர்ந்த மகிழ்ச்சி அடுத்த கட்டத்திலேயே சரிந்துவிடுகிறது. படிக்கப் படிக்க ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் கிடைத்து, குழப்பமும் ஐயமும் மிகுகின்றன. பலர் தலைப்பைக் கைவிடத் துணிவதும், கண்ணில் பட்டதைப் பார்த்து எழுத முற்படுவதும் அப்போதுதான். நூலகரின் ஒரு மணி நேரம் அந்த வாரத்தில் அமைந்தால் அதன் பயன் பல மடங்கு.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது? மேற்சொன்ன மாணவி தம் கேள்வியை முழு வாக்கியமாக ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல தரவுத்தளங்களில் ஒன்றுமே கிடைக்காது. நூலகர் அவருடன் அமர்ந்து வாக்கியத்தை மூன்று கருத்துகளாகப் பிரிக்கச் சொல்வார்: உறக்கமின்மை, நினைவாற்றல், கல்லூரி மாணவர். ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் வேறு என்னென்ன சொற்களை வழங்குகிறார்கள் என்று பார்க்கச் செய்வார். ஒரே பொருள் தரும் சொற்களை ‘அல்லது’ என்பதாலும், வெவ்வேறு கருத்துகளை ‘மற்றும்’ என்பதாலும் இணைக்கச் சொல்வார். தக்க கட்டுரை ஒன்று சிக்கியதும், அதன் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகள் வழியாக முன்னோக்கியும் செல்லலாம் என்று காட்டுவார். விசைப்பலகை கடைசிவரை மாணவியின் கையில்தான் இருக்க வேண்டும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் தம் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக வகுத்தார். மாணவருக்குப் பதிலாக நாமே தேடித் தருவது இன்றைய நேரத்தை மட்டும் சேமிக்கும். தேடக் கற்றுத்தருவது வரும் ஆண்டுகளின் நேரத்தையெல்லாம் சேமிக்கும். விதியை நான் அப்படித்தான் பொருள்கொள்கிறேன்.

கிடைத்ததை நம்பலாமா என்பது அடுத்த வினா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று பிரிவினரிடம் சில இணையப் பக்கங்களைத் தந்து மதிப்பிடச் சொன்னார்கள். முதல் இரு பிரிவினரில் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து அதன் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அதைவிட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடிவிட்டுத் திரும்பினார்கள். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் சேர்த்துத் தந்துவிடுகின்றன. அந்த விவரத்தை எடுத்துக்கொண்டு கட்டுரையைக் கேட்டு வரும் மாணவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. இதழின் குறிப்பிட்ட தொகுதியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருப்பதை அவரே காணச் செய்தால் போதும்.

இனிச் சேவையைப் பற்றி. வாயிலில் எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன என்ற கணக்கு தேவைதான். அது கற்றலின் அளவுகோல் ஆகாது. மேசையில் கேட்கப்பட்ட கேள்விகளையும், நூற்பட்டியல் தேடலில் விடையே கிடைக்காத சொற்களையும் மாதந்தோறும் எடுத்துப் படியுங்கள் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே அறை எங்கே என்று பலர் கேட்டிருந்தால் வழிகாட்டிப் பலகை தவறான இடத்தில் இருக்கிறது. மாணவர் வழங்கும் சொல் ஒன்றாகவும் பட்டியலில் உள்ள சொல் வேறாகவும் இருந்தால், நூல் அடுக்கில் இருந்தும் அவருக்கு இல்லாததாகிவிடுகிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் 2004இல் ஒரு மானிடவியலாளரைக் கொண்டு மாணவர்கள் உண்மையில் எப்படிப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள் என்று ஆராயத் தொடங்கியது. கட்டுரை எழுதும்போது மாணவர்கள் பெற்றோரிடம் உதவி கேட்பது அதில் தெரியவந்ததால், நூலகர்கள் பெற்றோரையும் அழைத்துச் சந்தித்துப் பேசினார்கள். கேள்வி எங்கே போகிறதோ அங்கே நூலகரும் போனார்.

ஒரு எச்சரிக்கை. கேள்வியைப் பதிவு செய்யலாம். கேட்டவரின் பெயரைப் பதிவு செய்யத் தேவையில்லை. யார் எதைப் படித்தார் என்பது வெளியே தெரியும் இடத்தில் யாரும் மனம் திறந்து கேட்கமாட்டார்கள்.

பேராசிரியப் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுரைத் தலைப்புகளை வகுப்பில் அறிவிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே நூலகருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் எல்லாத் தலைப்புகளையும் தாமே தேடிப் பார்ப்பார். ஆதாரமே கிடைக்காத தலைப்பை உங்களிடம் சொல்லிவிடுவார். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கப்போகும் நூல்களை வெளியே வழங்காமல் உள்ளேயே வைத்துப் படிக்க ஏற்பாடு செய்வார். நம்மிடம் இல்லாதவற்றைப் பிற நூலகங்களிலிருந்து பெற்றுவைப்பார். மாணவர் குழம்பும் வாரம் எது என்பது உங்களுக்குத் தெரியும்; அந்த வாரத்தில் ஒரு வகுப்பை அவருக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.