குழாயடிக் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால் நம் சென்னைத் தெருக்களில் நடப்பது தெரிந்ததுதான். ஒரு வீட்டார் குடிநீர் வாரியத்துக்குப் போன் போடுகிறார்கள். ஆள் வந்து அடைப்பை எடுக்கிறார், புகார் ‘முடிக்கப்பட்டது’ என்றாகிறது. சில நாளில் மறுபடியும் அதே நாற்றம். குழாயையே மாற்ற வேண்டுமென்றால் பொறியாளர் மேலிடத்தில் காட்ட ஆதாரம் வேண்டும். அதைத் தெருவாசிகளே தயாரிக்கலாம்.

தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர் இது. சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கும். பக்கத்தில் தேங்கிய கழிவுநீர் விரிசல் வழியாக உள்ளே புகும். நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். மழைநீர் வடிகாலுக்குள்ளேயே ஓடும் பழைய வீட்டு இணைப்புகளை முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு நோட்டு போதும். தேதி, தண்ணீர் வந்த நேரம், முதல் குடத்தின் நிறம், வாடை, பத்து நிமிடம் கழித்து எப்படி, அந்த வாரம் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு. முதல் குடம் மட்டும் நாறினால் வீட்டு இணைப்பில் கோளாறு இருக்கலாம். கடைசி வரை நாறினால் மெயின் குழாயைப் பாருங்கள். இதைக் கையால் வரைந்த தெருப்படத்தில் குறித்தால் எந்த முனையில் தோண்ட வேண்டும் என்பது ஓரளவு பிடிபடும்.

கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். சம்ப், சின்டெக்ஸ் தண்ணீர் வேண்டாம், குழாயில் நேராகப் பிடியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500-இன்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் சாக்கடை கலந்தது உறுதி என்று கத்தாதீர்கள். பாதுகாப்பு இல்லை என்பதுதான் அதன் பொருள். கிருமிப் பரிசோதனைக்குப் பழைய பெப்சி பாட்டில் ஆகாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு பெரும்பாலும் ஓரிடத்தில் படுத்துவிடும். மோட்டார் வைத்த வீட்டுக்காரர், தன்னைக் காட்டிக்கொடுக்கவே நோட்டு போடுகிறார்கள் என்று நினைப்பார். வாடகைக்கு இருப்பவர் வீட்டு ஓனருக்குப் பயந்து வாய் திறக்க மாட்டார். ஆகவே கதவு எண் வெளியே போகாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நோட்டு, தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் இருக்கட்டும். மைக் பிடிக்கத் தெரிந்த அண்ணனிடம் போனால் திரும்பாது.

வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் கூட்டம் உண்டு. நோட்டின் நகலோடு போங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் தெருவின் குளோரின் பரிசோதனைப் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் சரிசெய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள்.

வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் தீர்மானம் போடும்போது ‘தக்க நடவடிக்கை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த முனையிலிருந்து எந்த முனை வரை குழாய், வடிகாலுக்குள் போகும் எத்தனை இணைப்பு, மாதாமாதம் குளோரின் அளவை எந்தப் பலகையில் எழுதுவது என்று எழுதுங்கள். கையெழுத்தான நகலை அன்றே வாங்கிவிடுங்கள்.