யார் யாரைக் காப்பியடித்தார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. உங்கள் போனை எடுங்கள். திரையின் அடிவிளிம்பில் விரலை வைத்து மெல்ல மேலே தள்ளி, பாதியில் நிறுத்துங்கள். திறந்திருக்கும் செயலிகள் எல்லாம் சீட்டு அடுக்கியதுபோல வரிசையாக வருகின்றனவா? வேண்டாத ஒன்றை மேல்நோக்கிச் சுண்டுங்கள், போய்விடும். ஐபோன் வைத்திருப்பவருக்கும் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கும் ஏறக்குறைய இதே அசைவுதான்.

இது யாருடைய யோசனை? ஆப்பிள் என்று சிலர் சொல்வீர்கள், கூகுள் என்று சிலர் சொல்வீர்கள். இரண்டும் இல்லை. 2009 ஜனவரியில் பாம் என்ற நிறுவனம் பிரீ என்றொரு போனைக் காட்டியது. அதன் இயங்குதளத்துக்கு வெப்ஓஎஸ் என்று பெயர். ஒவ்வொரு செயலியும் ஒரு சீட்டு. பக்கவாட்டில் தள்ளினால் அடுத்தது, மேலே சுண்டினால் மூடிவிடும். அன்றைய ஐபோனில் கடையிலிருந்து இறக்கிய இரண்டு செயலிகளை ஒரே நேரத்தில் ஓட விடவே வழியில்லை. ஆனால் பாம் நிறுவனத்திடம் பணமும் இல்லை, போதிய செயலிகளும் இல்லை. 2010-இல் கணினி நிறுவனமான எச்பி அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அந்தக் கருவிகளை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. வெப்ஓஎஸ் இப்போது எல்ஜி தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிறுவனம் போய்விட்டது, யோசனை போகவில்லை. வெப்ஓஎஸ்ஸின் முகப்பை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்த மத்தியாஸ் துவார்த்தே 2010-இல் கூகுளுக்குப் போனார். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 4-இல் செயலியைத் தள்ளி மூடும் வழக்கம் நுழைந்தது. 2013-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டது. 2017-இல் ஐபோன் டென் முகப்பிலிருந்த பொத்தானையே நீக்கிவிட்டு முழுக்க விரல் அசைவுக்கு மாறியது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 அதைப் பின்பற்றியது. பத்து ஆண்டுகளில் ஒரு யோசனை மூன்று வீடு மாறி இப்போது உங்கள் கட்டைவிரலில் வந்து நிற்கிறது.

இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் துறையே இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததுதான். 2007-க்கு முன்னால் ஆண்ட்ராய்டு குழு செய்துகொண்டிருந்த மாதிரிக் கருவி ஒன்றில் தொடுதிரையே கிடையாது. பிளாக்பெர்ரி போலக் கீழே பொத்தான்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். 2007 ஜனவரியில் ஐபோன் மேடையேறியதும் அந்தக் கருவியை ஓரம்கட்டிவிட்டுத் தொடுதிரைக்குத் தாவினார்கள். அப்படித் தாவாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

மறுபக்கமும் உண்டு. திரையின் உச்சியிலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்புத் திரை 2008-இன் முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே இருந்தது. ஐபோனுக்கு வர 2011 ஆயிற்று. முகப்பில் விட்ஜெட், அதாவது செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் சிறு பெட்டி, வைக்க ஐபோன்காரர்கள் 2020 வரை பொறுத்திருந்தார்கள். பெரிய திரையை யாரும் வாங்கமாட்டார்கள் என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அடுத்த ஆண்டே சாம்சங் 5.3 அங்குல நோட் போனை இறக்கியது. 2014-இல் ஆப்பிளும் 5.5 அங்குலத்துக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டு பக்கம் வருவோம். முன்பு அதில் ஒரு செயலியை நிறுவும்போதே கேட்ட அனுமதி அத்தனையையும் மொத்தமாகத் தந்துவிட வேண்டும். கேமராவா, இருப்பிடமா என்று தேவைப்படும் நேரத்தில் தனித்தனியாகக் கேட்கும் முறை 2015-இல்தான் வந்தது. ஐபோனில் அது முன்பே இருந்தது. அந்தக் காப்பியால் கோடிக்கணக்கான பேரின் அந்தரங்கத்துக்குக் கொஞ்சமாவது காவல் கிடைத்தது.

சரி, ஈயடிச்சான் காப்பி என்பது உண்டா இல்லையா? உண்டு. ஆப்பிள் 2011-இல் சாம்சங் மீது தொடுத்த வழக்கின் 2012 விசாரணையில் 132 பக்க ஆவணம் ஒன்று வெளியே வந்தது. 2010-இல் சாம்சங் தனக்குள் தயாரித்தது. பக்கத்துக்குப் பக்கம் தங்கள் போன், ஐபோன் இரண்டின் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம்முடையதில் எதைத் திருத்தலாம் என்று குறித்திருந்தார்கள். வழக்கைக் கேட்ட ஜூரி, அதாவது நடுவர் குழு, ஏறக்குறைய 105 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. வழக்கு மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று அலைந்து, 2018-இல் வேறொரு ஜூரி 53.9 கோடி என்றது. அடுத்த மாதமே இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

சண்டை எதற்கு என்று பாருங்கள். பட்டியலின் கடைசிக்கு வந்த பிறகும் விரலால் தள்ளினால், ரப்பர் போல இழுபட்டுத் திரும்பி வருமே, அதுவும் அந்த வழக்கில் இருந்தது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. பட்டியல் முடிந்துவிட்டது, போன் உறைந்து நிற்கவில்லை என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அது சொல்லிவிடுகிறது. யோசித்தவரைக் கும்பிட வேண்டும். ஆனால் ஏழு ஆண்டு வழக்கு அந்த மனிதருக்காகவா நடந்தது? வழக்கு நடந்த காலத்திலும் சாம்சங் ஆப்பிளுக்கு உதிரிபாகங்கள் விற்றுக்கொண்டிருந்தது. ஐபோன் டென்னின் திரையே சாம்சங் செய்ததுதான்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். பட்டியலைக் கீழே இழுத்துவிட்டால் புதுப்பிக்கும் வித்தையை, ட்விட்டர் பார்ப்பதற்கான ட்வீட்டி என்ற தன் செயலியில் கொண்டுவந்தவர் லோரன் பிரிச்டர் என்ற தனி ஆள். ட்விட்டர் அவருடைய நிறுவனத்தை 2010-இல் வாங்கியது. காப்புரிமை ட்விட்டர் கைக்கு வந்தது. கண்டுபிடித்தவரின் சம்மதம் இல்லாமல் காப்புரிமையை வைத்து வலியப்போய் யார் மீதும் வழக்குப் போடமாட்டோம், தற்காப்புக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று 2012-இல் ட்விட்டர் அறிவித்தது. இன்று அந்த இழுப்பு இல்லாத செயலியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யோசனை எப்படிப் பரவ வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி என் மனத்தை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன்.

பாம், பிளாக்பெர்ரி, நோக்கியாவின் சிம்பியன், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் எல்லாம் களத்தில் இருந்தபோது ஒருவர் காப்பியடித்தால் நல்லது பரவியது. ஏனென்றால் வாங்குபவரைக் கவர வேறு வழி இல்லை. இன்று களத்தில் பெரும்பாலும் இருப்பது ஆப்பிள், கூகுள் என்ற இருவர்தான். இருவர் மட்டும் இருக்கும்போது நமக்குப் பிடிக்காததையும் துணிந்து காப்பியடிக்கலாம். நாம் கோபித்துக்கொண்டு எங்கே போய்விடுவோம்?

2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையை எடுத்தது. அடுத்த மாதம் கூகுள் தன் பிக்ஸல் போனில் அந்தத் துளை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு பிக்ஸல் 2-இல் துளை இல்லை. விளம்பரத்தில் கேலி செய்த சாம்சங்கும் 2019-இல் நோட் 10-இலிருந்து அதை எடுத்தது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜர் போயிற்று. மூன்றே மாதத்தில் சாம்சங் எஸ்21 பெட்டியிலிருந்தும் போயிற்று.

கமிஷன் கதையும் இதேதான். 2008 ஜூலையில் ஆப்பிள் செயலிக் கடை திறந்தபோது விற்பனையில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் வந்த ஆண்ட்ராய்டு கடையும் செயலி செய்தவருக்கு 70 சதவீதம்தான் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் அந்த எண் அசையவில்லை. வழக்குகளும் விசாரணைகளும் நெருக்கிய பிறகு, 2020 நவம்பரில் ஆப்பிள் சிறு நிறுவனங்களுக்கு 15 சதவீதம் என்று குறைத்தது. 2021 மார்ச்சில் கூகுளும் முதல் பத்து லட்சம் டாலருக்கு அதே 15 என்றது. எனக்கு இதில் போட்டியின் வாடையே வரவில்லை.

மூன்றாமவர் ஏன் வருவதில்லை? விண்டோஸ் போனைப் பாருங்கள். அழகில் குறையில்லை. அதன் தட்டையான, எழுத்தை முன்னிறுத்திய முகப்பு 2010-இலேயே வந்தது. ஐஓஎஸ் 7 தட்டையாக மாறியது 2013-இல். அதை வீழ்த்தியது செயலிப் பஞ்சம். கூகுள் அதற்கு முழுமையான யூடியூப் செயலி செய்து தரவில்லை. மைக்ரோசாஃப்ட் 2013-இல் தானே ஒன்று செய்தபோது, விதிகளை மீறுகிறது என்று சொல்லிக் கூகுள் அதை முடக்கியது. பொத்தானைப் பார்த்துச் செய்யலாம், அசைவைப் பார்த்துச் செய்யலாம். கோடிப் பேர் நம்பியிருக்கும் செயலிகளைப் பார்த்துச் செய்ய முடியாது.

ஆகவே யாரைப் பார்த்து யார் செய்தார் என்ற பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஐபோன் கட்சி, ஆண்ட்ராய்டு கட்சி என்று நாம் அடித்துக்கொள்வதில் பொருளில்லை. கேட்க வேண்டியவை வேறு. போன் மாறினால் நான் காசு கொடுத்து வாங்கிய செயலி ஏன் கூட வருவதில்லை? ஐபோனில் செயலியை வேறு கடையில் வாங்க எனக்கு ஏன் உரிமையில்லை? ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கேட்டது. அதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனில் வேறு கடைகளுக்கும் ஆப்பிள் இடம் கொடுத்திருக்கிறது. அதே ஆண்டு ஜப்பானும் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இந்தச் சட்டங்களைத்தான் மற்ற நாடுகள் பார்த்து எழுத வேண்டும் என்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.